குளிர்ந்த குழலின் முதல் குண்டு

கிருசாந்தி துப்பாக்கி சுடுவாள் என்றால் லின்ஃபீல்டுத் தமிழரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிற மீதிப் பேர் அதை ஒரு குறையாகத்தான் கதைப்பார்கள். அவளுக்கு இரண்டு கூட்டத்தைப் பற்றியும் கவலையில்லை. நாற்பத்திரண்டு வயது, ஈஸ்ட் டாமாக்கியில் உலோக உதிரிப்பாகம் கடைகிற தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை. அவள் கையெழுத்து வைக்காமல் அங்கிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகாது. ஏழு வருடத்துக்கு முன் கூட வேலை செய்கிற ஒருத்தியோடு மான் வேட்டைக்குப் போய்வந்தவள், அடுத்த மாதமே உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு தேர்வு. தெற்குத் தீவின் மலைகளில் இமாலய வரையாடுகள் பெருகிப் புல்லை மொட்டையடிக்கின்றன என்று, அனுமதியோடு அவற்றைக் குறைக்கப் போகிற குழு ஒன்று இருக்கிறது. அதில் ஒரே ஒரு இடம் காலி. குழுத் தலைவர் ரெக்ஸ், அறுபது தாண்டிய வெள்ளைக்காரர். சிரிப்பு அவர் வீட்டில் பழக்கமில்லை போலும். அவர் வைக்கிற தேர்வு ஒரே ஒரு குண்டு. நானூற்றைம்பது மீற்றரில் தோசைக்கல் அளவு இரும்புத் தட்டு. சூடேறாத குழலிலிருந்து போகிற முதல் குண்டு அதில் பட வேண்டும். 'குறி பிழைத்துப்போச்சு, இன்னொருக்கால் சுடுகிறேன்' என்றால் மலையில் ஆடு நின்று காத்திருக்குமா? எந்தத் துப்பாக்கியால் தேறுகிறோமோ அதுதான் மலைக்கும் வர வேண்டும் என்பதும் அவர் விதி. முந்தின வருடம் இடமில்லை என்றார், போன வருடம் அனுபவம் காணாது என்றார். இந்த முறை விடுவதில்லை என்று கிருசாந்தி ஒற்றைக் காலில் நின்றாள்.

பிரச்சினை குழலில் இருந்தது. அவளுடைய துப்பாக்கி நெடுந்தூரம் சுடுகிற மக்னம் வகை. வெடிமருந்து கூடுதலாக எரிகிற அந்த வகைக் குழலுக்கு ஆயுசு குறைவு. ஆயிரத்து இருநூறு குண்டு போனால் தொண்டை தேய்ந்துவிடும் என்பார்கள். குண்டு குழலுக்குள் நுழைகிற வாசல்தான் தொண்டை, நெருப்பு முதலில் தின்பதும் அந்த இடத்தைத்தான். அவளுடைய குழல் ஆயிரத்து நூற்று எண்பதில் நின்றது. புதுக் குழல் பூட்டித் தருகிற கடையிலோ தைப்பொங்கலுக்குப் பிறகுதான் முறை வரும்.

இந்த இலட்சணத்தில் புதன்கிழமை ஆயுத பூசை வந்தது. அவள் புருசன் கீதன் பூசை விசயத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டான். அவனுடைய லப்டொப், அவளுடைய அளவுக் கருவிகள், அரிவாள், கத்தரிக்கோல், மகளுடைய வயலின் எல்லாம் சுவாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக ஏறின. கடைசியில் துப்பாக்கி. சொல்லப்போனால் அந்த வரிசையில் அது ஒன்றுதான் உண்மையான ஆயுதம். சுடுகிற பொறியைத் தனியே கழற்றிப் பூட்டிவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து வெளிப்புறத்தை மினுங்க மினுங்கத் துடைத்தாள். அப்போது பார்த்துக் கீதன் ஒரு கேள்வி கேட்டான்.

"பூசைக்கு வைக்கிற சாமான் உள்ளுக்கு ஊத்தையா இருக்கலாமே, கிருசா?"

சுடச்சுடக் குழலின் உட்புறம் செம்பு படியும். அதை ஒரேயடியாக வழித்தெடுக்கக் கூடாது என்று துப்பாக்கிக் கழகத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதே இவள்தான். ஆனாலும் சுவாமிக்கு முன்னால் ஊத்தையோடு ஒரு சாமானை வைக்க மனம் கேட்டால்தானே? செம்பைக் கரைக்கிற மருந்து விட்டுத் துணியை நுழைத்து இழுத்தாள், நீலமாக வந்தது. இன்னும் இழுத்தாள், இளநீலம். வெள்ளையாக வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் இழுத்தாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தீபம் காட்டினார்கள். வைத்த ஆயுதத்தை அன்றைக்கு அசைக்கக் கூடாது என்பது வழக்கம், உடனே பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். சுவாமி பொறுத்துக்கொள்வார் என்று பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கழகத்தின் நூறு மீற்றர் திடலுக்குப் போனாள். மும்மூன்றாகச் சுட்டாள். வழக்கமாக மூன்று குண்டும் ஒரு காசு அளவுக்குள் விழும். அன்றைக்கு முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று விலகி, மேலே இடது பக்கம் சிதறிக் கிடந்தன. காற்றா? இல்லை. கையா? இல்லை. மறுபடி மூன்று, மறுபடி மூன்று. பதினைந்து சுட்டு முடித்துத் தாளைக் கழற்றிப் பார்த்தபோது, கண் தெரியாதவன் சுட்ட தாள் மாதிரி இருந்தது.

கழகத்தில் நிதின் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன், கணினி வேலை, நல்ல மனசு, நாக்குத்தான் கொஞ்சம் நீளம். வரையாட்டுக்கு எங்கள் ஊரில் கோயில் கட்டாத குறை, இங்கே சுடப் போகிறீர்களா என்று அவளை ஓயாமல் சீண்டுகிறவன். அவன் தாளை வாங்கிப் பார்த்தான்.

"அக்கா, பேரல் போய்ச் சேந்துருச்சு. அதுக்குக் காரியத்தப் பண்ணிட்டு, என்னோடத எடுத்துட்டுப் போங்க."

அவனுடையது புதுத் துப்பாக்கி, நூறு குண்டுகூடப் போகவில்லை. மலையில் நிற்கிற பத்து நாளைக்கும் தருகிறேன் என்றான். யார் தருவார்கள் அப்படி? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று காரில் ஏறியவள், குழலை முன்பே மாற்றாமல் விட்டதற்கு வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் போனோடு பொருத்துகிற சின்னக் கமராவைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தாள். தொண்டை, வற்றின குளத்துத் தரைபோல வெடித்துக் கிடந்தது. கீதனும் எட்டிப் பார்த்தான். அந்தப் பெடியனுடையதை வாங்கும், நாளைக்கு ஒரு நாள் இருக்கு, சுட்டுப் பழகலாம்தானே என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஏழு வருடம் சுட்ட துப்பாக்கி குளிரில் என்ன செய்யும், காற்றில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று வந்த ஒன்றின் முதல் குண்டை எதை வைத்து நம்புவது?

தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். தொழிற்சாலையில் ஒரு உதிரிப்பாகம் அளவு பிழைத்தால், இயந்திரம் போச்சு என்று அவள் தலையில் கை வைப்பதில்லை. எது முதல் பிழைத்தது, எது பிறகு பிழைத்தது என்றுதான் கேட்பாள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு குண்டு பட்ட இடத்துக்கும் திடலிலேயே பேனையால் இலக்கம் போட்டு வைத்திருந்தாள். இப்போது இலக்கத்தின்படி பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று தூரத்தில். நான்கும் ஐந்தும் ஆறும் கொஞ்சம் கிட்ட. பத்துக்குப் பிறகு நடுவை நெருங்கி, கடைசி மூன்றும் ஒரு காசுக்குள். செத்த குழல் போகப் போகக் கெடுமே தவிர, போகப் போகத் திருந்துமா?

"பரல் சாகேல்லை, கீதன். நான்தான் அதைக் குளிப்பாட்டிப் பழகின செம்புத் தோலையும் உரிச்சுப் போட்டன். சுடச்சுட அது திரும்பப் படியுது."

கீதனின் முகம் சுருங்கிப் போய்விட்டது. கேட்டது தான்தானே என்றான். கேட்டது நீங்கள், இழுத்தது என்ர கை என்றாள். அப்ப இனி என்ன செய்யிறது என்று கேட்டான். ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் செய்ய வேண்டிய வேலை, இனிக் குழலுக்குள் ஒரு நூல்கூடப் போகாது என்றாள். சனிக்கிழமை காலை திடலுக்குப் போய், குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டாள். நடுவில் விழுந்தது. நிதினுக்கு நன்றி சொல்லி, உன்னுடையது வேண்டாம் என்று போன் போட்டாள். அவன் கேட்டால்தானே? எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிறு தன்னுடையதையும் காரில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

தேர்வு ஹெலன்ஸ்வில் பக்கத்துப் பண்ணையொன்றில். வெள்ளைப் பூச்சு அடித்த தட்டு எதிர்ச் சரிவில் ஒரு பொட்டாகத் தெரிந்தது. கிருசாந்தி ஈரப் புல்லில் படுத்தாள். போன வருடம் தானே சுட்டுச் சரிபார்த்த தூர அட்டவணைப்படி துப்பாக்கித் தொலைநோக்கியின் உயரத் திருகை வைத்தாள். மூச்சைப் பாதி விட்டு, விசையை அமர்த்தினாள். கொஞ்சம் பொறுத்து 'டங்' என்று சத்தம் திரும்பி வந்தது. பின்னால் நிதின் கை தட்டினான். ரெக்ஸ் புத்தகத்தைத் திறந்து, பேனையின் மூடியைக் கழற்றினார்.

அவள் எழும்பவில்லை. தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே கிடந்தாள். பூச்சு உதிர்ந்த கறுப்புப் புள்ளி தட்டின் அடியில் இருந்தது, விளிம்புக்கு மேல் இரண்டு விரல். பார்த்த உடனே விளங்கிவிட்டது. தொண்டை தேய்ந்ததில் குண்டின் வேகம் குறைந்திருக்கிறது. நூறு மீற்றரில் அது தெரியாது, நானூற்றைம்பதில் குண்டு தாழ்ந்துபோகிறது. குழல் ஒழுங்காகத்தான் சுடுகிறது, அட்டவணைதான் பழசு. திருகை இரண்டு சொடுக்கு ஏற்றினால் சரி. சரியா? அவள் அப்படி நினைக்கிறாள், அவ்வளவுதான். சுட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

எழுதாதீர்கள், இன்னும் ஒன்று சுட வேண்டும் என்று ரெக்ஸிடம் கேட்டாள். அவர் புருவத்தை உயர்த்தினார்.

"பட்டது பட்டதுதான், இடம் உங்களுக்கு. ஆனால் இன்னொன்று சுட்டுத் தவறினால், நான் பார்க்காத மாதிரி இருக்க மாட்டேன்."

நிதின் குனிந்து அவள் காதுக்குள், "வாய வச்சுகிட்டுச் சும்மா இருங்கக்கா," என்றான்.

சும்மா இருக்கலாம்தான். இரண்டு வருடம் காத்திருந்த இடம், கைக்கு வந்துவிட்டது. ஆனால் தட்டில் அடி விளிம்பு என்றால் மணி அடிக்கும், ஆட்டில் அடி விளிம்பு என்றால் கால். கால் முறிந்த ஆடு பள்ளத்தில் இறங்கி, கிட்டப் போக முடியாத இடத்தில் கிடந்து, மூன்று நாள் எடுத்துச் சாகும். தெரியாமல் நடந்தால் ஒரு கதை, தெரிந்துகொண்டே எப்படி மலை ஏறுவது?

சுடுகிறேன் என்றாள். இப்போதே இல்லை, குழல் ஆறட்டும் என்றாள். நாற்பது நிமிடம் எல்லோரையும் காக்க வைத்தாள். ரெக்ஸ் தேத்தண்ணீர் குடித்து முடித்தார். நிதின் காருக்கும் வேலிக்கும் நடுவில் நடந்து தேய்ந்தான். அவள் இடைக்கிடை புறங்கையைக் குழலில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். இரும்பு புல்லைப்போலக் குளிர்ந்த பிறகு மறுபடி படுத்து, திருகை இரண்டு சொடுக்கு ஏற்றினாள். பிறகு சுட்டாள்.

சத்தம் வந்தது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ரெக்ஸ் தன்னுடைய பெரிய தொலைநோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விலகி நின்று, அவளையும் பார்க்கச் சொன்னார். புதுப் புள்ளி தட்டின் நட்டநடுவில் இருந்தது.

கிருசாந்தி முழங்கால் ஈரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"இனி எழுதுங்கள்," என்றாள்.