தண்ணீர் வந்த திசை

தக்கலையில் பஸ் நிற்கும் இடத்தில் வெற்றிலைக்கடை வைத்திருந்தான் பொன்னுலிங்கம். நாற்பத்தொன்பதாம் வருஷம் ஒரு முற்பகலில், கடை முன்னால் வந்து நின்றவளை யாரென்று அவன் கேட்கவில்லை. பட்டாளத்தில் கூட இருந்த வைகுண்டராஜனின் மனைவி சொர்ணம்மாள். பொன்னுலிங்கம் மட்டும் ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. மார்த்தாண்டத்துக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் அவள் வீட்டைத் தாண்டித்தான் பஸ் போகும். ஒருநாளாவது இறங்கினானா? குண்டுக்குப் பயப்படாத மனுஷன் ஒரு கேள்விக்குப் பயந்து கிடந்தான்.

“நீ வருவேண்ணு பாத்திருந்தேன். வரல்ல. அதான் நடந்து வந்தேன்” என்றாள். “செத்துப்போனாருண்ணு கடுதாசி வந்துது. எப்பிடிண்ணு எழுதல்ல.”

“இரிங்க மைனி.”

முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான். இத்தாலியில் அவனும் வைகுண்டராஜனும் யுத்தக் கைதிகளாக இருந்த முகாமின் கதவு ஒருநாள் காவலில்லாமல் திறந்து கிடந்தது. இருவரும் வெளியேறி, ஒரு பெரிய ஆற்றின் கரையைப் பிடித்துத் தண்ணீருக்கு எதிராக நடந்தார்கள். மேலே மலை, மலைக்கு அப்பால் சண்டையில்லாத நாடு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆற்றின் பேர் போ. “ஆறே போகச் சொல்லுது, பொறவென்ன?” என்று வைகுண்டராஜன் சிரித்தான். நாற்பது நாள், பகலில் ஒளிந்து இரவில் நடை. குடியானவர்கள் சோளக்களி கொடுத்தார்கள், வைக்கோலில் படுக்க இடம் கொடுத்தார்கள். பிறகு மூடுபனி இறங்கியது. அதில்தான் வைகுண்டராஜனுக்குக் காய்ச்சல் கண்டு, நாலாம் நாள் மூச்சு நின்றது.

அய்யாவழி முறைப்படி குழியில் உட்காரவைத்து, அவன் மடியில் கட்டி வைத்திருந்த சாமிதோப்புக் கோயில் மண்ணையே நெற்றியில் நாமமாக இட்டு, பொன்னுலிங்கம் மூடினான்.

“வடக்க பாத்துதான இருத்தின?”

கேள்வி வந்துவிட்டது. வடக்கே பார்த்து இருத்துவதுதான் முறை. ஆமாம் என்ற பதிலை மூன்று வருஷமாகத் தயாராக வைத்திருந்தான். அவள் காலைப் பார்த்தான். கணுக்கால்வரை செம்மண் புழுதி. அந்தக் காலைப் பார்த்தபின் பொய் வாயில் வரவில்லை.

“இல்ல மைனி. நம்ம ஊருல ஆறெல்லாம் வடக்க மலையில பெறந்து தெக்க கடலுக்குத்தான போகுது? அதுவும் அப்பிடித்தாண்ணு நெனச்சேன். பனியில சூரியனே கண்ணுல படல்ல. தண்ணி வாற பக்கமா இருத்தினேன். மூணு நாள் நடந்த பொறவு பனி விலகுச்சு. சூரியன் எனக்க முதுகுக்குப் பின்னால உதிக்குது. நான் இருத்துனது மேக்க பாத்து. திரும்பிப் போயி மாத்தியிருக்கணும். பிடிச்சிருவானுவண்ணு பயந்துட்டேன்.”

சொர்ணம்மாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கயிருந்து நம்ம ஊரு எந்தப் பக்கம்?”

“கிழக்க.”

“அப்போ நமக்கு முதுகு காட்டியாக்கும் இருக்காவ.”

ஆள் வந்துபோகும் கடை என்றும் பாராமல் பொன்னுலிங்கம் அழுதான். அவள் தடுக்கவில்லை. அடங்கியதும் கேட்டாள்.

“மண்ணு போடும்போ நீ எங்க நின்ன?”

“முன்னால. முகத்துக்கு நேரே.”

“மூடுற வரைக்குமா?”

“மூடுற வரைக்கும்.”

“அது போரும்” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நன்றாகப் பார்த்தாள். “ஒனக்க நெத்தி ஏன் வெறுசா கெடக்கு?”

கல்லாப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணிமுடிச்சை எடுத்து அவளிடம் நீட்டினான். வைகுண்டராஜனின் மடியில் மிஞ்சிய மண். அன்றிலிருந்து தனக்கென்று ஒரு துளி தொட்டதில்லை.

அவள் வாங்கவில்லை.

“அவியளுக்கு இட்ட கையில்லியா? நீயே இட்டுக்க.”

பொன்னுலிங்கம் ரோட்டில் இறங்கினான். அண்ணாந்து சூரியன் நிற்கும் இடத்தைப் பார்த்து, திசையை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தான். பிறகு வடக்கே திரும்பி நின்று மண்ணைக் குழைத்து இட்டுக்கொண்டான்.