ராமானுஜத்தின் மஜ்ஜை

தொலைபேசியில் அந்தப் பெண் "சார் இருக்காரா?" என்று கேட்டபோது ஜலஜா, "இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

"நான் ஷெரில், அடையாறு லேப்லேர்ந்து பேசறேன். சார் குடுத்த மஜ்ஜையில எலும்பு வந்திருக்கு மேடம்! அவர்கிட்ட சொல்லிடுங்க."

"அவர் போயிட்டார்மா. மாரடைப்பு. பதினேழு நாள் ஆறது."

"ஸாரி மேடம்" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.

லஸ் முனையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அவள் கணவர் ராமானுஜத்துக்கு ஒன்றரை வருஷமாகியும் கால் எலும்பு கூடவில்லை. இரண்டாம் முறை ஆபரேஷன் செய்தபோது, இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் மஜ்ஜையில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரமுடியுமா என்று கேட்டார்கள். அவர் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஜலஜா பஸ் ஏறி அடையாறு போனாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஆத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஷெரிலுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைத் தாளின்மேல் இரண்டு சின்னத் தட்டுகளை வைத்தாள். இரண்டிலும் ராமானுஜத்தின் மூலச் செல்கள், எலும்பாக மாறக்கூடியவை. மருந்து சேர்க்காத தட்டு வெறுமையாக இருந்தது. மூன்று வாரம் மருந்து சேர்த்த தட்டில் சிவப்புப் புள்ளிகள்.

"அதெல்லாம் சுண்ணாம்புச் சத்து மேடம். சாயம் போட்டதால செவப்பாத் தெரியுது. எலும்பு கட்ட ஆரம்பிச்சிருக்கு."

"உயிரோட இருக்கா?"

ஷெரில் தயங்கினாள். "சாயம் போட்டா செத்துடும். ஆனா சாயம் போடாத தட்டு இன்னும் நாலு இருக்கு. அதுல உயிரோடதான் இருக்கு. நீங்க வேண்டாம்னா நிறுத்திடறோம்."

ஜலஜா குனிந்து, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்ப்பதுபோல் அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நிறுத்தினா என்ன பண்ணுவேள்?"

"பிளீச்சிங் ஊத்திக் கொட்டிடுவோம்."

"வேண்டாம். நடக்கட்டும். ஆனா இனிமே போன் பண்ணாதீங்கோ."

ஷெரில் டீ கொண்டுவந்தாள். ஜலஜா குடித்தாள். சர்க்கரை போட்டிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அடுத்த திங்களன்று பள்ளிக்கூடம் போய் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தினாள். போன் வரவில்லை, அந்தப் பெண் ஜலஜா சொன்னபடியே நடந்துகொண்டாள். பத்து நாள் கழித்து ஜலஜாவே நம்பரைச் சுழற்றினாள்.

"அந்த நாலு தட்டு?"

"ஒண்ணுல பூஞ்சை வந்துடுச்சு மேடம், தூக்கிப் போட்டுட்டோம். மூணு நல்லா இருக்கு."

"சரி" என்றாள் ஜலஜா. வேறு ஏதாவது கேட்கவேண்டும் போலிருந்தது. ஒன்றும் தோன்றாமல் ரிஸீவரை வைத்துவிட்டு, அரிசி களைய எழுந்து போனாள்.