ஃபிடென்சியோ கேட்டு வாங்கிய சட்டம்

முப்பத்தோரு வருடமாக லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டல் அடுப்படியில் வெந்துகொண்டிருந்த ஃபிடென்சியோவை, மெக்சிகோவின் வஹாக்கா மலையிலிருக்கும் சொந்த ஊர் தலைவராக்கிவிட்டது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தில் கை தூக்கினார்கள், முடிந்தது. ஒரு வருடம் சம்பளமில்லாத வேலை. அதை நேரில் வந்து பார்க்காதவனுக்கு ஊரில் புதைக்க இடமில்லை.

சேதி கேட்டதும் பாழாய்ப்போன மனசு ஊருக்குத்தான் ஓடியது. மழையில் நனைந்த பைன் மர வாசனை, திருவிழா விடியலில் முழங்கும் பித்தளை வாத்தியங்கள், மனைவி எர்மெலிண்டா ஆவி பறக்க நீட்டும் சோள ரொட்டி. ஐயோ, எத்தனை காலமாயிற்று! அவள் உடலை ஊருக்கு அனுப்பிவைத்தவர், அடக்கத்தைக் கைபேசியில்தான் பார்த்தார். விசா இல்லாத மனிதர் எல்லை தாண்டினால் மகள் நயேலியிடம் திரும்ப முடியாது. எர்மெலிண்டாவுக்குப் பக்கத்தில் தனக்கொரு இடம் இருக்கிறது என்ற ஒரே நினைப்பில் மனிதர் நாளை ஓட்டினார்.

ஞாயிறு மதியம் ஊர்க்கூட்டத்திலிருந்து பால்ய நண்பன் எலியுத்தேரியோ கூப்பிட்டான்.

"எனக்குப் பதிலா ஒரு ஆளப் போடுடா. சம்பளம் நான் தர்றேன்."

"அத ஒழிச்சதே நீதானடா! சிக்காகோவுல இருந்த சிரிலோ அப்பிடிக் கேட்டப்ப என்ன குதி குதிச்ச? நேர்ல வராதவனுக்குக் குழி கெடையாது, இல்லேன்னா கோயில் கூரைக்குக் காசு வராதுன்ன. கூரை வேணுமேன்னு நாங்களும் கை தூக்கித் தொலைச்சோம்."

அமெரிக்காவில் ஊருக்காகப் பணம் திரட்டும் சங்கத்தின் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்துப் பேசியவன் சிரிலோ என்ற கடுப்பில் அன்று அப்படிக் கத்தியிருந்தார். சிரிலோ சிக்காகோவிலேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டான்.

"அப்ப சட்டத்த மாத்துங்க. இல்லேன்னா இனி ஒரு பைசா வராது."

"அத நீயே சொல்லு. ஃபோன எல்லாருக்கும் கேக்கற மாதிரி வெச்சிருக்கேன். சிரிலோ பொண்டாட்டி முன்வரிசையிலதான் உக்காந்திருக்கா."

அங்கே யாரோ இருமினார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை.

"நான் வர்றேன்" என்றார் ஃபிடென்சியோ.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த நயேலி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மாகிட்டப் போற. சரிப்பா. என்னப் பாக்கணும்னு தோணுச்சுன்னா என்ன செய்வ?"




அவர் தட்டிலிருந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.