வாளியைக் கீழே வைத்த நாள்

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தி என்றால் சாம்பார் வாளி என் கையில்தான் இருக்கும். இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே பள்ளிக்கூட டீச்சர், பெயர் சுஜீதா. முதல் பந்தியிலிருந்து சமையல்காரர் பந்தி வரை இடுப்பு ஒடியப் பரிமாறுவேன். "நீங்க உக்காருங்க டீச்சர்" என்று யாராவது சொன்னால், "எனக்கு இன்னைக்கு விரதம்" என்பேன். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பௌர்ணமிப் போயா. முருகனுக்கே தெரியாத விரதமெல்லாம் என்னிடம் இருந்தது. ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

உண்மை என்னவென்றால், நாலு பேர் பார்க்க வாயைத் திறந்து சாப்பிட எனக்கு உயிர் போகிற பயம். சின்ன வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ, "இந்தப் புள்ளைக்கு ரெண்டு எலையா போடுங்கப்பா" என்று சொல்ல, வரிசையே சிரித்தது. அதற்குப் பிறகு யார் முன்னாலும் சாப்பிடவில்லை. போகப்போகத் தனியாகச் சாப்பிடுவதும் குறைந்துபோனது. போன மாசியில் கரும்பலகைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தேன். இருதயம் பலவீனமாகிவிட்டது, இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லி, மனநல ஆலோசகர் சிவகௌரியிடம் அனுப்பினார்.

சிவகௌரி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். சாப்பாட்டுக்குப் பயந்து ஒதுங்குவது எவ்வளவு என்று அளப்பதற்கான கேள்விகளைக் கேட்டார். விருந்துகளைத் தவிர்ப்பீர்களா? இல்லை, ஒன்றையும் விடமாட்டேன். சாப்பாடு இருக்கிற இடத்துக்குப் போகப் பயமா? அட, சாப்பாட்டு வாளியே என் கையில்தானே! சாப்பாட்டு வேளையைத் தட்டிக்கழிப்பீர்களா? விரதம் இருப்பது தட்டிக்கழிப்பதா என்ன? புள்ளியைக் கூட்டினால் ஒன்றுமேயில்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருங்கோ டீச்சர். கடைசியா ஆரோட பந்தியில இருந்து சாப்பிட்டனீங்கள்?"

கைப்பையை மறுபடி மேசையில் வைத்தேன்.

"வாளி தூக்கினா ஒருத்தரும் உங்களைச் சாப்பிடச் சொல்ல மாட்டினம். அதுக்காகத்தானே தூக்கிறியள்?"

எனக்கு வந்ததே கோபம்! சாமி காரியத்தைப் போய் நோய் என்கிறாளே என்று மேசையைத் தட்டினேன். அவர் அசையவில்லை. அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். இந்தமுறை வாளியும் விரதமும் கணக்கில் சேர்ந்தன. புள்ளி உச்சியில் போய் நின்றது. கூடுதல் மார்க் எடுத்ததற்காக ஒரு டீச்சர் குலுங்கிக் குலுங்கி அழுததை அந்தக் கிளினிக் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும்.

பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. முதலில் மிஸ்ஸுக்கு முன்னால் ஒரு பிஸ்கட். அப்புறம் பள்ளிக்கூடத்தில் றம்ஸியா டீச்சரோடு பாதி ரொட்டி. ஒவ்வொரு தடவையும் பயம் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால் அது தானாக இறங்கும் என்றார். இறங்கத்தான் செய்தது, ஆனால் அந்தச் சனியன் என்னை அழவைத்துத்தான் இறங்கியது. கடைசிப் பரீட்சை திருவிழாப் பந்தி.

அன்றைக்குக் கோயில் தலைவர் பழனிமுத்து ஐயா வாளியோடு வந்தார். "டீச்சர், பந்தி தொடங்கப் போவுது, புடிங்க. இந்த வருசம் ஒங்க சேவைக்குப் பொன்னாடை இருக்கு, தெரியுமா?"

அடக் கடவுளே! என் நோய்க்கு ஊர் பொன்னாடை வாங்கி வைத்திருந்தது.

பழக்க தோஷம், வாளியை வாங்கிவிட்டேன். எனக்காகவே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த சிவகௌரி மிஸ், பக்கத்து இலையைக் கண்ணால் காட்டினார். வாளியை ஐயாவின் காலடியிலேயே வைத்தேன்.

"நான் இன்னைக்குச் சாப்பிட வந்திருக்கேங்க ஐயா. வேற ஆளப் பாருங்க."

"அப்ப விரதம்?"

"முடிஞ்சிருச்சுங்க."

பாயில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. ஊர்க் கண்ணெல்லாம் என் கைமேல் இருப்பதுபோல் இருந்தது.

"எத்தினை?" மிஸ் மெல்லக் கேட்டார்.

"பத்து. இல்ல, பதினொண்ணு."

"எழும்பாதேங்கோ."

முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். எதிர் வரிசையில் இருந்த இராஜம் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். அவ்வளவுதான். அவருக்கு அவர் இலை. இரண்டாவது கவளத்தில் புளிப்புத் தெரிந்தது, காரம் தெரிந்தது. இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் நான் ஊற்றிய சாம்பார் இவ்வளவு ருசியா!

"எத்தினை?"

"எட்டு."

மேடையில் மைக் பிடித்திருந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "பந்தி முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சேவை செய்யும் நமது சுஜீதா டீச்சரை மேடைக்கு அழைக்கிறோம்!"

எல்லாத் தலையும் திரும்பியது. நான் வாய் நிறையச் சோற்றோடு இருந்தேன். வரிசையே சிரித்தது. அதே சிரிப்பு. முழங்கால் தானாக எழும்பப் பார்த்தது. ரப்பர்ப் பால் லொறி ஓட்டுகிற சிங்கள அண்ணன், "எங்கட டீச்சர் சாப்பிடுறாங்க!" என்று தன் பாஷையில் கத்திக் கையைத் தட்டினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புரையேறாத குறை. முழங்காலை மடக்கி இன்னும் நன்றாக உட்கார்ந்தேன்.

வேறு ஆள் கிடைக்காமல் பழனிமுத்து ஐயாவே சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். தோளில் என் பொன்னாடை.

"ஐயா, இங்க! இன்னும் ரெண்டு கரண்டி!"

ஊற்றினார். "மேடைக்குக் கூப்புடுறாங்களே டீச்சர்?"

"இருக்கட்டுங்க. பாயாசம் இன்னும் வரல."

"எத்தினை?" என்று மிஸ் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல என் வாய் சும்மா இல்லை.