அசையாத படத்துக்கு நாலரை

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஒரு வீடியோ கம்பி வழியாக எங்கெங்கோ சுற்றி வரும்போது எந்த இடத்தில் கலங்கியது, எங்கே கட்டம் கட்டமாக உடைந்தது, எங்கே அரை நொடி திக்கியது என்று மற்றவர்கள் நாலு தடவை ஓட்டிப் பார்த்துத் தேடுவார்கள். அவள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். ஆறு வருடம் அதுதான் அவள் வேலை. ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து பத்துப் பத்து நொடித் துண்டுகளாகப் படம் பார்ப்பது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடுவது.

பிறகு அந்த மார்க்கையெல்லாம் மொத்தமாகக் கொட்டி ஒரு மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் கண்தான் அதற்கு அரிச்சுவடி. அறையில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளை மட்டும் மெஷினுக்கு வாத்தியாராக வைத்துக்கொண்டார்கள். லட்சக்கணக்கான வீடியோக்களுக்கு ஒரே சமயத்தில் மெஷின் மார்க் போடும். அது தடுமாறுகிற இடத்தைக் கண்டுபிடித்து அவள் திருத்த வேண்டும்.

அந்த மெஷினை வாங்கிய வாடிக்கையாளர்களில் ஒன்று, நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கிற ஒரு நிறுவனம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா மாட்டிவிடுவார்கள். வேறொரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நர்சுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு திரை, திரைக்குப் பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு நோயாளி. வீட்டுப் பேச்சு வெளியே போகக் கூடாது என்று ஒலியை அடைத்துவிட்டார்கள். படம் கெட்டால் மெஷின் கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக் கத்தும். உடனே நர்ஸ் அந்த வீட்டுக்கு போன் செய்து விசாரிக்க வேண்டும்.

அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முதலில் நினைத்தது நாத்தனாரைத்தான். கணவனின் தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அதே வீட்டின் பின்பக்க அறையில் இருந்தாள். பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்தே முதுகெலும்பு தேய்ந்து, குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாமல் இருந்தவள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றதும் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தாள்.

முதல் மாதமே மெஷின் அவளைப் படாத பாடு படுத்தியது. நோயாளி என்றால் தூங்கத்தானே செய்வான். தூங்குகிறவன் அசைய மாட்டான். அசையாத படத்தைக் கண்டால் வீடியோ உறைந்துவிட்டது என்று மெஷின் கூப்பாடு போடும். போன் அடித்து, தூங்குகிற மனிதரை எழுப்பி, நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

"அண்ணி, புலி வருது கதையாப் போச்சு," என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "இப்பல்லாம் அது கத்தினா நாங்க யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. நிஜமா ஏதாவது ஆனா என்ன பண்றது? உங்க மெஷினுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

மற்ற நர்சுகளும் அதையே சொல்லி, புகார் மேலாளர் வரை வந்தது. அசையாத படங்கள் நாலாயிரம் துண்டு அவளிடம் வந்து சேர்ந்தன. எது உயிருள்ள படம், எது உறைந்த படம் என்று பிரித்து மார்க் போட வேண்டும். ஆளே அசையாவிட்டாலும் உயிருள்ள படத்தின் இருட்டு மூலைகளில் எறும்பு ஊர்வதுபோல ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருக்கும். உறைந்த படத்தில் அது இருக்காது. அதை வைத்தே பிரித்துக்கொண்டு போனாள். ஆனால் லைன் பலவீனமாக இருக்கிற வீடுகளில் படத்தை நசுக்கித்தான் அனுப்புவார்கள். நசுக்கும்போது முதலில் அழிவது அந்த நமைச்சல்தான். அப்படி முந்நூறு துண்டுகளில் அவள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"உன் கண்ணுக்கே தெரியலைன்னா வேற யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? படம் பளிச்சுன்னுதானே இருக்கு, நல்ல மார்க்காப் போடு."

இது ஆபத்து என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். எழுத வேண்டும் என்று நினைத்தாள். நாத்தனாரின் சலித்த முகமும் ஞாபகம் வந்தது. முந்நூறுக்கும் நல்ல மார்க் போட்டு, 'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து மெஷின் வாயை மூடிக்கொண்டது. நாத்தனார் வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டே தடவைதான் அண்ணி," என்றாள்.

நாத்தனாரின் பதினாறு கட்டங்களில் ஒன்று, ஒரு பழைய பஸ் டிரைவருடையது. இடுப்பு எலும்பில் ஆபரேஷன். மகள் காலையில் வேலைக்குப் போய்விட்டால் மதியம் வரை தனியாகத்தான் இருப்பார். நாத்தனார் போன் செய்தால், "ரைட் குடு கண்டக்டர், எந்திரிக்கவா?" என்பாராம். அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அவர் தெரிந்தவராகிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அவர் வீட்டு லைன் அறுந்தது. நடுவழியில் இருந்த ஒரு பெட்டி, புதுப் படம் வராததால், கடைசியாக வந்த படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டத்தில் டிரைவர் போர்வையோடு தூங்கினார். மெஷின் அதற்கு நாலரை மார்க் போட்டது. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு ஏதோ மறந்துபோனதை எடுக்க வந்த மகள் கதவைத் திறந்தபோது, அப்பா தரையில் கிடந்தார். உயிர் இல்லை.

நாத்தனார் கால் மணிக்கொரு தடவை குறிப்பு எழுதியிருந்தாள். பதினொன்றே கால், பதினொன்றரை, பதினொன்றே முக்கால். மூன்றிலும் ஒரே வாசகம்: உறங்குகிறார், சுவாசம் சீராக இருக்கிறது.

தூங்கிவிட்டு எழுதினாய் என்றார்கள். பொய்க் கணக்கு எழுதினாய் என்றார்கள். அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள்.

பூதக்கண்ணாடிக்கு மறுநாளே எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நாற்பத்து மூன்று நிமிட வீடியோ மெஷினின் சேமிப்பில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அவள் பிரிக்க முடியாமல் விட்ட முந்நூறின் அதே ஜாதி. வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினோரு நாள்.

"எய்தவன் எங்கேயோ இருக்க, அம்பைப் போட்டு மிதிக்கிறாங்க," என்று கணவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பொருமினான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

நாத்தனார் முதல் இரண்டு நாள் அழுதாள். பிறகு பேசினாள், பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே பேசினாள். நான் தூங்கலை. நான் பார்த்தேன். போர்வை ஏறி ஏறி இறங்கிச்சு. ஒரு வாரம் போனபின் அந்தப் பேச்சும் நின்றது.

பதினோராவது நாள் காலை, துணி எடுக்கப் பின்னறைக்குப் போன பூதக்கண்ணாடி வாசலிலேயே நின்றுவிட்டாள். நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த தன் அப்பாவின் போட்டோவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. கையில் கடிகாரம் வைத்திருந்தாள்.

"அண்ணி," என்றாள் திரும்பாமலே. "இவரும் மூச்சு விடறார். எனக்குப் புத்தி கலங்கிடுச்சா?"

அண்ணி உள்ளே வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இல்லை. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா எல்லாப் படமும் மூச்சு விடும். ஆறு வருஷம் அந்த ரூம்ல நானும் பார்த்திருக்கேன். நீ பொய் எழுதலை. அந்தப் படம் உறைஞ்சு போயிருந்துச்சு. அதை மெஷின் சொல்லியிருக்கணும். சொல்ல வேண்டாம்னு அதுக்குக் கத்துக்குடுத்தது நான்தான்."

நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்தாள். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டாள். மறுநாளே தெரியும் என்று இவள் சொன்னாள்.

விசாரணை நடத்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தானாகவே போய்ச் சொன்னாள்: முந்நூறு துண்டு, மேலாளர் எட்டிப் பார்த்தது, தான் டிக் அடித்தது, எல்லாவற்றையும். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார் மேலாளர். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். உறைந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, மனுஷியாக நீ எவ்வளவு மார்க் போடுவாய் என்று கேட்டார்கள்.

"நாலரை," என்றாள். "நானும் அதேதான் போடுவேன். அந்த நர்ஸ் மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சிருக்க முடியும்?"

அப்புறம்தான் இன்னொன்றை எடுத்தார்கள். லைன் அறுந்தாலும் கேமரா தனக்குள்ளே பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது. நாத்தனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அதை முழுசாக ஓட்டினார்கள். டிரைவரின் மகள் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தாள். லைன் அறுந்த நாலாவது நிமிடத்தில் அவர் எழுந்திருக்கப் பார்த்து விழுந்தார். உதவிக்கு அழைக்கிற பொத்தான் கட்டில் மேலேயே இருந்தது. போர்வையைப் பிடித்து இழுத்து அதை எட்டப் பார்த்தார். இழுக்க இழுக்கப் போர்வை மட்டும்தான் வந்தது. பிறகு கேமராவைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பத்தைந்தாவது நிமிடம் வரை. படம் துல்லியமாக இருந்தது; எங்கேயும் ஒரு திக்கல் இல்லை.

தீர்ப்பு வந்தபோது யாருக்கும் முழுசாக எதுவும் கிடைக்கவில்லை. கருவியில் குறை என்று ஒரு பத்தி. கண்ணால் உறுதி செய்யாததைச் சீர் என்று எழுதியது தவறு என்று ஒரு பத்தி. நாத்தனார் தூங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்க்கக் கூடாது. பூதக்கண்ணாடியைப் பழையபடி மார்க் போடுகிற வேலைக்கு இறக்கினார்கள். இப்போது அந்த அறையில் அவள் ஒருத்திதான். மேலாளர் இடம் மாறிப் போனார். பதவி உயர்வு என்றுதான் கேள்வி.

கணவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தேவைக்கு மட்டும் பேசினான்.

நாத்தனார் தனியாகப் போக முடிவு செய்தாள். பழைய வார்டுத் தோழி ஒருத்தியோடு இருக்கப் போகிறாளாம். கிளம்புகிற அன்று பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணி. அந்த ரெக்கார்டிங்கை நீங்க பார்த்தீங்கல்ல. அவர் எவ்வளவு நேரம் இருந்தார்?"

பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது. பல நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"விழுந்த உடனே போயிட்டார். நீ போன் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

நாத்தனார் தலையை ஆட்டினாள். முதுகு வலிக்காதபடி ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மெல்லக் குனிந்து பையைத் தூக்கினாள்.

"அவர் பொண்ணு போன வாரம் எனக்கு போன் பண்ணுச்சு. அரை மணி நேரம்னு சொல்லுச்சு," என்றாள். "உங்க வாயால ஒரு தடவை கேக்கலாம்னு பார்த்தேன்."

கீழே கணவன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தான். நாத்தனார் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். பையை வாங்கிக்கொள்ள அண்ணி நீட்டிய கையில் அவள் அதைக் கொடுக்கவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பிக் கேட்காமல் போனபிறகுதான் கை அப்படியே நீட்டியபடி இருப்பதை அண்ணி உணர்ந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.