ஆண்மீனை முதலில் பார்

கொடுவா மீனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆணாகத்தான் வளரும். சில வருஷம் ஆணாகவே திரிந்து, உடம்பு பெருத்த பின் பெண்ணாக மாறி முட்டை போடும். இரண்டு பக்கத்து வாழ்க்கையும் அதற்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த வசதி யாருக்கும் இல்லை.

நான் சுவர்ணா. சாவகச்சேரிக்கு அங்கால், கடனீரேரிக் கரையில் இருக்கும் கொடுவாக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. பெரிய பெண்மீனைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஈரத் துணியால் கண்ணை மூடி, முதுகுச் சதையில் ஹோர்மோன் ஊசி ஏற்றுவேன். இரண்டாம் நாள் அது முட்டை தள்ளும். கருக்கட்டிய முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும். கட்டாதது வெள்ளையாகி அடியில் போய்க் கிடக்கும். அடியில் நிறையக் கிடந்தால் எங்கள் மனேச்சர் ஸ்ரெல்லா மிஸ் ஒரேயொரு கதைதான் சொல்லுவார்.

"பெண்மீனைத் திட்டாதை பிள்ளை. ஆண்மீனை முதல்லை பார்."

உடனே ஆண்மீனின் வயிற்றை அமுக்கி, வரும் வெள்ளையில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழே வைப்போம். கடல்தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் விந்துகள் பஸ்ஸைக் கண்ட சனம்போல ஓடத் தொடங்கும். ஓடாவிட்டால் அந்த ஆணை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவோம். மீனுக்கு ரோசம் கிடையாது.

பிள்ளை தரிக்கவென்று எனக்கும் ஊசி ஏற்றினார்கள். கலியாணமான ஆறு வருஷத்தில் பதினொன்று. முட்டையை முதிரவைக்கிற அதே சாதி ஹோர்மோன்தான். மீன் ஒரு ஊசிக்கே லட்சக்கணக்கில் தள்ளிவிடும். பதினொன்று ஏற்றியும் நான் ஒன்றும் தள்ளாததால் கணவரின் தாய் மகாதேவி மாமிக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஊசியால் எனக்கு உடம்பு வீங்கும், தலை சுற்றும், காரணமில்லாமல் அழுகை வரும். "வேலைக்குப் போற கொழுப்பு" என்று மாமி அந்த வருத்தத்துக்குப் பெயரும் வைத்தார்.

ஒவ்வொரு டொக்டரும் கடைசியில் ஒரே துண்டைத்தான் எழுதித் தந்தார்: கணவருக்கு விந்துப் பரிசோதனை. துண்டைக் கண்டதும் மாமி, "உந்த டொக்டருக்கு ஒண்டும் தெரியாது" என்று டொக்டரை மாற்றிவிடுவார். நாலாவது டொக்டர் வரை வந்துவிட்டோம். என் கணவர் கஜானன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். குண்டெறிதலில் மாகாண மட்டத்தில் வெள்ளிப் பதக்கம் எடுத்தவர். குண்டை அவ்வளவு தூரம் எறிகிறவருக்கு என்ன குறை இருக்கமுடியும்? அதுதான் தாயும் மகனும் சொன்ன நியாயம். விஞ்ஞானம் இதற்கு இன்னும் மறுமொழி கண்டுபிடிக்கவில்லை.

ஆனி மாசம் மாமி தவணை வைத்தார்.

"ஆவணி மட்டும் பாப்பம் பிள்ளை. ஒண்டும் தரிக்காட்டி நீ உன்ரை வீட்டை போய் இரு. நான் என்ரை மகனுக்கு வேறை இடம் பாக்கோணும்."

கஜானன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேப்பரில் விசயம் நிறைய இருந்திருக்க வேண்டும்.

அறைக்குள் வந்ததும் நான் சொன்னேன்: "நீங்கள் ஒருக்கால் சோதிச்சுப் பாருங்கோ. அதுவரைக்கும் இனி நான் ஊசி போடமாட்டன்."

"என்னைப் பாத்தா உமக்கு அப்பிடித் தெரியுதோ?"

"ஆண்மீனும் பாக்க வடிவாத்தான் இருக்கும்."

இரண்டு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்ரெல்லா மிஸ் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், பொரிப்பக வாசலில் கஜானனின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. கிளினிக்கில் வேலை செய்யும் பெட்டை அவரோடு படித்தவனின் தங்கையாம். அங்கே போனால் கொடிகாமம் சந்தை வரைக்கும் கதை போய்விடுமாம். அதனால் நானே இங்கே பார்த்துச் சொல்லவேண்டுமாம். எங்கள் கழிப்பறைத் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிறு போத்தல் இருந்தது.

ஒரு துளியைக் கண்ணாடித்தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். இந்தப் பக்கம் நகர்த்தினேன், அந்தப் பக்கம் நகர்த்தினேன். ஓடுகிறது ஒன்றும் இல்லை. ஓடாமல் கிடக்கிறதும் இல்லை. இன்னும் இரண்டு துளி பார்த்தேன். அதிலும் ஒன்றையும் காணவில்லை.

"ஒண்டையும் காணேல்லை," என்றேன். "முறையாச் சோதிக்கிற இடத்திலை இன்னொருக்கால் பாக்கோணும்."

அவர் தொட்டிப் பக்கம் பார்த்தார். "உப்புத்தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாருமன். மீனுக்கு விடுறனீர்தானே. நித்திரையாய்க் கிடக்கும்."

ஆறு வருஷம் இந்த மனுசன்மேல் சேர்த்து வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் கரைந்துபோனது. மனுசருக்கு உப்புத்தண்ணீர் விடக்கூடாது என்று சொல்ல மனம் வரவில்லை. விட்டேன். இல்லாதது எதை விட்டாலும் ஓடாது. குண்டெறி வீரர் தொட்டி விளிம்பில் குந்தி அழுதார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"இதுக்கும் வைத்தியம் இருக்கும். ரெண்டுபேருமாப் போய்க் கேப்பம்," என்றேன்.

"அம்மாட்டை மட்டும் சொல்லாதையும்."

சொல்லமாட்டேன் என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டில் மாமி அறிவித்தார்.

"கொழும்பிலை ஒரு டொக்டரை விசாரிச்சிட்டன். நல்ல பவர் ஊசியாம். உவளுக்கு இதிலையும் பிடிக்காட்டி, பிறகு ஒருத்தரும் என்னைக் குறை சொல்லக்கூடாது."

நான் கஜானனைப் பார்த்தேன். இப்போது சொல்லுவார். எல்லாவற்றையும் வேண்டாம், "ஊசி வேண்டாம் அம்மா" என்றாவது சொல்லுவார். அவர் சோற்றைக் குழைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"புதன்கிழமை லீவு எடும். ஊசிக்குப் போவம்."

நேற்று அவருக்காகப் பாவப்பட்டதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாமி," என்றேன், "உங்கடை மகன் நேற்று என்ரை வேலைத்தலத்துக்கு வந்து அழுதவர்."

மாமியின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. "அழுதவனோ? என்னத்துக்கு?"

"நான் சொல்லமாட்டன். வாக்குக் குடுத்திட்டன். அவரையே கேளுங்கோ."

மாமி மகனைக் கேட்டார். அவர் சோற்றையே குழைத்தார். மாமி திரும்பவும் கேட்டார். நான் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, கஜானன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இருந்தேன்.