தம்பிக்குப் படி இல்லை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். பல் டாக்டரின் வாசலில், அடுத்த நாற்காலியில் இருந்த பெண் தன் கணவரிடம், "தம்பி குடும்பத்துல சேர்த்தி இல்லையாம்" என்றாள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைத் திறந்து படுத்திருந்த நேரம் முழுக்க அந்தத் தம்பிதான் மனதில். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

'சீருடையைக் கழற்றி மாட்டியபோது மேஜரின் கண்கள் கலங்கி...'

வேண்டாம். அழுகையோடு ஆரம்பித்தால் ராணுவக்காரிக்குப் பிடிக்காது. இப்படி வைத்துக்கொள்கிறேன்:

மேஜருக்கு வெளிநாட்டில் ஓராண்டு ஸ்டாஃப் பயிற்சி கிடைத்தது. படைகளை நடத்தத் திட்டமிடும் படிப்பு. பெரிய பதவிக்கு வாசல். விமான டிக்கெட், வீட்டு வாடகை, குடும்பப் படி எல்லாம் உண்டு. சம்பளப் பிரிவு அதிகாரி விதியைப் படித்துக் காட்டினார்.

"கணவர், பிள்ளைங்க மட்டும்தான் மேடம். தம்பி அதுல வரமாட்டாரு."

"அப்பா அம்மா போனதுலேர்ந்து அவன் என்கூடத்தான் சார். அவனுக்கு வலிப்பு வரும்."

"புரியுது மேடம். ஆனா விதிப்படி தம்பிக்குப் படி இல்ல."

(சொன்ன பிறகுதான் அது சிலேடை என்று அவருக்கே உறைத்தது. பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.)

3

தம்பிக்கு வீட்டில் பெயர் பன்னு. குழந்தையில் உப்பியிருந்த கன்னத்துக்காக வைத்தது; வளர்ந்து பேக்கரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவனைப் பரிதாபத்துக்குரியவனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். 'ஜன்னலோரம் தனியாக அவன்...' ஊஹூம். பன்னு ஜன்னலோரம் உட்காருகிற ஆளே இல்லை.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "நீ மட்டும் போயிட்டு வாம்மா. இவன நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு பேரும் கெளம்புங்க மாமா," என்றான் பன்னு. "பேக்கரி மாடியில ரூம் பேசிட்டேன். கூட வேலை செய்யறவனும் அங்கதான் தங்கறான். வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு அவனுக்குச் சொல்லியும் குடுத்தாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேடா?" என்றாள் மேஜர்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. எனக்கும் கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்க்கா."

மேஜருக்குச் சுருக்கென்றது. இவனை விட்டுப் போகிறோமே என்று அவள் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்க, அவனோ வழியனுப்பத் தயாராகக் காத்திருந்திருக்கிறான். எழுந்து போய் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். விரலெல்லாம் மைதா மாவு.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். அவள் பயணத்தை ரத்து செய்தாள்; பன்னு முகம்கொடுத்துப் பேசவில்லை. அடித்துவிட்டேன். அவள் ஊர் தாண்டியதும் அவனுக்கு வலிப்பு வந்து... அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கில்லை.

அதனால், மேஜரும் கணவரும் போனார்கள். விமான நிலையத்தில், "தெனமும் போன் பண்ணாதக்கா" என்றான் பன்னு. அவளும் சரியென்றாள். சொன்ன சொல்லுக்காக, போய்ச் சேர்ந்த பிறகும் போன் பண்ணாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

புது வீட்டில் திரைச்சீலைகூட இன்னும் மாட்டவில்லை. காலை வெயிலில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது. பன்னுதான். அவள் கையெல்லாம் நுரை.

எனக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் எடுங்கள். எடுத்ததுமே "என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிடாதீர்கள். முதலில் அவனைப் பேச விடுங்கள்.